பழைய கேம்பர் வேனுக்குப் புது என்ஜின்: மைலேஜ் கூடுவது எவ்வளவு, எதனால்?

பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர் எவரும் ஏதோ ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார். வண்டி லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கிறது. என்ஜினுக்கு வயது நாற்பது. அதே சிசி உள்ள பிற்காலக் கார் என்ஜின் லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிறது. அதைத் தூக்கி இதில் வைத்துவிட்டால் பதினைந்து கிடைத்துவிடும். கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது, விடை மட்டும் வராது. அந்தப் பதினைந்தில் பெரும்பங்கு காரின் தாழ்ந்த, வழுவழுப்பான உடம்புக்குச் சொந்தம். என்ஜினைக் கழற்றி எடுத்து வரலாம், உடம்பைக் கழற்றி எடுத்து வர முடியாதே.

அதற்காக என்ஜின் மாற்றுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. மாற்றியவர்களில் பலர் சந்தோஷமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் மைலேஜின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும். எங்கே உண்மையாகவே கூடுகிறது, எங்கே கூடியதுபோல் தெரிகிறது என்பதைப் பார்ப்போம்.

முதல் எதிரி காற்று

கேம்பர் வேன் என்றாலே பலருக்கு நினைவில் எழுவது ஃபோக்ஸ்வாகன் வேன்தான். டச்சு வணிகர் பென் பான் 1947-இல் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய படத்திலிருந்து தொடங்கிய வண்டி அது. முதல் முன்மாதிரி வடிவத்தின் மூக்கு தட்டையாக இருந்தது. ப்ரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது அதன் காற்றுத்தடைக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.75 என்று வந்தது. முன்முகத்தை நடுவில் பிளந்த ‘வி’ வடிவத்துக்கு மாற்றியதும் 0.44-க்கு இறங்கியது. இன்று அழகுக்காக எல்லோரும் படம் எடுக்கும் அந்தப் பிளவு முகம், 25 குதிரைத்திறன் என்ஜினை வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டியதால் பிறந்தது. 1950-இல் உற்பத்தி தொடங்கும்போதே வண்டியின் தலையாய பிரச்சினை என்னவென்று பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2 டன் எடையுள்ள கேம்பர் வேன், முன்பரப்பு சுமார் 3 சதுர மீட்டர், காற்றுத்தடைக் கெழு 0.45 என்று வைத்துக்கொள்வோம். 1980-களின் வேனுக்கு இது பொருத்தமான அளவு. சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போக மட்டும் சுமார் 9 கிலோவாட் வேண்டும். டயர் உருள்வதற்கு இன்னொரு 5. மொத்தம் 14. வேகத்தை 100-க்கு ஏற்றினால் டயரின் பங்கு 6.5 ஆகிறது, அது பெரிய விஷயமில்லை. காற்றின் பங்கோ 9-இலிருந்து 17-க்கு மேல் தாவிவிடுகிறது. மொத்தம் 24 கிலோவாட். வேகம் கால் பங்கு கூடியதற்குக் காற்று கேட்கும் கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. காற்றைத் தள்ள வேண்டிய திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது என்பதுதான் காரணம். கியர்பாக்ஸில் போகும் பத்து சதவீத இழப்பையும் சேர்த்தால், 100 கி.மீ. வேகத்துக்கு என்ஜின் 26 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். குதிரைத்திறனில் சொன்னால் 36.

இந்த 26 கிலோவாட்டை எந்த என்ஜினும் குறைக்கப் போவதில்லை. புதியதோ பழையதோ, எதைப் பொருத்தினாலும் காற்றுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தத் திறனைப் பெற எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்பதில் மட்டும்தான் என்ஜினுக்கு என்ஜின் வித்தியாசம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலரும் அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தால் 60 கிலோ குறையும். சமதரை நெடுஞ்சாலையில் அதனால் வரும் லாபம் ஒரு சதவீதம்கூடத் தேறாது. மலை ஏறும்போது எடை பேசும்: 2 டன்னை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் பழைய பெட்ரோல் என்ஜினுக்குச் சுமார் 2.5 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். ஊருக்குள் நின்று நின்று போகும்போதும் அப்படித்தான். ஆனால் நீண்ட சாலையில் வண்டியை மெலியவைப்பதைவிட அதன் தலையில் இருப்பதை இறக்கிவைப்பது மேல். நிரந்தர உயர்கூரை ஒன்று முன்பரப்பை 3-இலிருந்து 3.6 சதுர மீட்டராக்கினால், 100 கி.மீ. வேகத்தில் தேவைப்படும் திறன் கிட்டத்தட்ட 15 சதவீதம் எகிறும். இந்த 15 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இன்னொரு இடத்தில் வரும்.

பழைய என்ஜின் ஏன் இவ்வளவு குடிக்கிறது

என்ஜினின் சிக்கனத்தை அளக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு எளிமையானது. ஒரு கிலோவாட் வீதம் ஒரு மணி நேரம் வேலை வாங்க எத்தனை கிராம் எரிபொருள் செலவாகிறது? நம் வேன் நெடுஞ்சாலையில் ஓடும் சுமையில், பழைய பெட்ரோல் என்ஜினுக்குச் சுமார் 330 கிராம் என்று கொள்ளலாம். ஓரளவு புதிய பெட்ரோல் என்ஜினுக்கு 280. 1990-களில் வந்த நேரடிப் பீய்ச்சல் டர்போ டீசலுக்கு 220.

முன்பு பார்த்த 26.5 கிலோவாட்டை இவற்றால் பெருக்கிப் பாருங்கள். பழைய பெட்ரோல் என்ஜின் 100 கி.மீ. தூரத்துக்கு 11.7 லிட்டர் எரிக்கும், அதாவது லிட்டருக்கு 8.5 கி.மீ. புதிய பெட்ரோல் என்ஜின் 10 லிட்டர் எரிக்கும், லிட்டருக்குப் பத்து. டீசல் 7 லிட்டர், லிட்டருக்குப் பதினான்கு. பெட்ரோலுக்குப் பெட்ரோல் மாற்றினால் கிடைப்பது 15 சதவீதம். ஆம், உயர்கூரை தின்றுவிடும் அதே 15 சதவீதம்தான்.

பழைய என்ஜினுக்கு ஏன் 330 கிராம்? முதல் காரணம் அமுக்கவிகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்பது. 1970-களின் காற்றால் குளிரும் 1600 சிசி வேன் என்ஜினில் அது 7.5-ஐ ஒட்டி இருந்தது. பிற்கால என்ஜின்கள் பத்தைத் தாண்டிவிட்டன. கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவுக்கு ஒரு சொட்டிலிருந்து அதிக வேலை கிடைக்கும். இரண்டாவது, காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். அது நல்ல சாதனம், ஆனால் ஒரு ஊகக்காரர். வெளியே குளிரா வெயிலா, கடல் மட்டமா மலை உச்சியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தப்பினால் என்ஜின் சூடேறிக் கெடும் என்பதால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியே கலக்கும்படி அமைத்திருப்பார்கள். காற்றால் குளிரும் என்ஜினில் இந்தக் கூடுதல் பெட்ரோலுக்கு வேறொரு வேலையும் உண்டு: ஆவியாகும்போது சூட்டைத் தணிப்பது. குளிர்விக்கும் திரவமாகப் பெட்ரோலையே பயன்படுத்தினால் மைலேஜ் எங்கிருந்து வரும்?

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வேன்கள் பெரும்பாலும் திறன் போதாதவை. 50 குதிரைத்திறன் என்ஜினுக்கு 36 குதிரைத்திறன் வேலை கொடுத்தால், சின்ன மேடு வந்தாலும் எதிர்காற்று அடித்தாலும் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தே ஓட்ட வேண்டும். முழுமிதியில் கார்புரேட்டர் வேண்டுமென்றே பெட்ரோலை அள்ளிக் கொட்டும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். சின்ன என்ஜின் சிக்கனமானது என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிவிடுகிறது. கழுதை மேல் யானைச் சுமையை ஏற்றிவிட்டு, கழுதைக்குத் தீனி குறைவு என்று மகிழ்வதில் பொருளில்லை.

அதற்காக மிகப் பெரிய என்ஜினைப் போட்டாலும் சரிவராது. பெட்ரோல் என்ஜினில் காற்று வரும் வழியைத் தடுத்துத்தான் திறனைக் கட்டுப்படுத்துகிறார்கள். பெரிய என்ஜினைக் கால்வாசிச் சுமையில் ஓட்டும்போது, பாதி மூடிய அந்த வழியாகக் காற்றை உறிஞ்சி இழுப்பதற்கே ஒரு பங்கு உழைப்பு வீணாகிறது. டீசலில் அந்தத் தடுப்பு இல்லை. காற்றை முழுதாக உள்ளே விட்டு, எரிபொருளின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். பாதிச் சுமையில் டீசல் ஏன் அவ்வளவு முந்துகிறது என்பதற்கு விளக்கம் இதுவும் உயர்ந்த அமுக்கவிகிதமும்தான்.

யார் எதை மாற்றினார்கள்

மிகப் பெரிய என்ஜின் மாற்றங்களைச் செய்தது தனிமனிதர்கள் அல்ல, தொழிற்சாலைகளே. பிரேசிலில் கோம்பி என்ற பெயரில் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. 2005 முடியும் தறுவாயில் அதன் காற்றால் குளிரும் 1.6 லிட்டர் என்ஜினை எடுத்துவிட்டு, தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் என்ஜினை வைத்தார்கள். 58 குதிரைத்திறன் 78 ஆனது. சிசி குறைந்து திறன் கூடியது. முன்முகத்தில் ஒரு கறுப்பு ரேடியேட்டர் வலை முளைத்ததுதான் வெளியே தெரிந்த ஒரே அடையாளம். காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமானபோது அதை இனிச் சமாளிக்க முடியாமல் 2013-இன் இறுதியில் உற்பத்தி நின்றது. தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. ஐரோப்பாவில் கைவிடப்பட்ட மூன்றாம் தலைமுறை வேனை அங்கே 2002 வரை செய்தார்கள், அதுவும் ஆடியின் ஐந்து சிலிண்டர் என்ஜின்களை வைத்து. அங்கே தேடியது சிக்கனத்தை அல்ல, இழுவையை.

தனிமனிதர்களின் மாற்றங்களில் அதிகம் பேசப்படுவது அந்த மூன்றாம் தலைமுறை வேன்தான். 1979-இல் வந்தது. வட அமெரிக்காவில் அதற்கு வேனகன் என்று பெயர். முதலில் காற்றால் குளிரும் என்ஜின், சில ஆண்டுகளில் தண்ணீரால் குளிரும் 1.9 லிட்டர், பிறகு 2.1 லிட்டர். இந்தத் தண்ணீர் என்ஜின்களில் சிலிண்டர் ஹெட் அரிப்பும் கேஸ்கட் கசிவும் பிரசித்தம். ஆகவே அமெரிக்காவில் பலர் சுபாரு லெகஸியின் 2.2 லிட்டர் என்ஜினுக்குத் தாவினார்கள். இரண்டும் படுத்த நிலையில் எதிரெதிராகச் சிலிண்டர் கொண்டவை, சுழலும் திசையும் ஒன்று. நடுவில் ஒரு இணைப்புத் தகடு வைத்தால் பழைய கியர்பாக்ஸோடு கூடிவிடும். 95 குதிரைத்திறனை ஒட்டியிருந்தது 130-ஐ ஒட்டி வரும். மைலேஜ்? சொல்லிக்கொள்ளும்படி மாறாது. மாறினாலும் நாம் போட்ட 15 சதவீதக் கணக்குக்குள்தான் அடங்கும். மேட்டில் நான்காம் கியரிலேயே ஏறுகிறது என்பதுதான் கிடைத்த பரிசு. அதை மைலேஜ் என்று எழுதிக்கொள்வது மனித இயல்பு.

சுழலும் திசை ஒன்றாக இருப்பது சும்மா வந்த அதிர்ஷ்டமல்ல என்பதைக் கார்வேர் கதை காட்டும். 1960-களில் செவ்ரோலே செய்த அந்தக் காரின் ஆறு சிலிண்டர் என்ஜின் காற்றால் குளிர்வது, பின்னால் உட்காருவது, வேனுக்கென்றே பிறந்தது போலிருக்கும். ஆனால் அது சுழல்வது எதிர்த்திசையில். அப்படியே பொருத்தினால் வண்டிக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். கியர்பாக்ஸைப் பிரித்து, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் திருப்பி வைத்த பிறகுதான் வண்டி ஒழுங்காக முன்னே போகும்.

மைலேஜ் என்பதையே நோக்கமாகக் கொண்டவர்கள் போகும் இடம் டிடிஐ. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.9 லிட்டர் நேரடிப் பீய்ச்சல் டர்போ டீசல், 90 அல்லது 110 குதிரைத்திறன். மூன்றாம் தலைமுறை வேனிலேயே 1.6 லிட்டர் டீசல் வந்திருந்தது, அதுவும் 50 குதிரைத்திறனில். பொறுமையைச் சோதிக்கும் வண்டி அது. அந்தப் பழைய டீசல், எரிபொருளை ஒரு சிறு முன்னறையில் எரியவிட்டுப் பிறகு சிலிண்டருக்குள் அனுப்பும். வழியில் சூடு வீணாகும். நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியதில் ஏறக்குறைய 15 சதவீதம் மிச்சமானது. ஆகவே பழைய டீசலிலிருந்து புதிய டீசலுக்கு மாறினாலும் லாபம் உண்டு. பெட்ரோலிலிருந்து மாறுபவருக்கு லாபம் இன்னும் பெரிது. 8.5-இலிருந்து 14 என்று கணக்கு சொன்னது வெறும் ஏட்டுக்கணக்கல்ல.

ஆனால் வேலை சுலபமல்ல. டீசல் வேனில் என்ஜினை 50 பாகை சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள், படுக்கையும் பெட்டிகளும் அதன் மேல் வரவேண்டும் என்பதற்காக. டிடிஐயையும் அதே சாய்வில் படுக்க வைக்க வேண்டுமானால் எண்ணெய்த் தொட்டி முதல் பல பாகங்களைப் பழைய டீசலிலிருந்து தேடி எடுக்க வேண்டும். கொஞ்சமாகச் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் என்ஜின் மூடி இறங்காது, பின்பக்கத் தரையை உயர்த்த வேண்டியதுதான். படுக்கை மேடாகிவிடும். டர்போவுக்குக் குளிர்காற்று, முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு நீண்ட குழாய்கள், கணினிப் பெட்டிக்கு ஒயரிங், திருட்டுத் தடுப்பு மின்பூட்டை ஏமாற்றுவது எல்லாம் தனி. என்ஜின் வாங்கிய காசைவிட அதைச் சுற்றிய சில்லறைச் சாமான்களுக்கும் கூலிக்கும் ஆகும் காசு அதிகமாகிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்கென்றே சொல்லிவைத்தது போலிருக்கிறது.

அமெரிக்கப் பெரிய வேன்களில் வி8 பெட்ரோலை எடுத்துவிட்டுக் கம்மின்ஸ் 3.9 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசலை வைக்கும் ஒரு கூட்டமும் உண்டு. ரொட்டி விநியோக வேன்களில் இருந்த என்ஜின் அது. சிக்கனம்தான், சாகாவரம் வாங்கி வந்ததுதான். ஆனால் தனியே 340 கிலோ எடை, அதோடு உறங்குபவரின் பல்லையும் ஆட்டிவிடும் அதிர்வு. ஊர் ஊராகப் போய் அமைதியாகத் தூங்கத்தானே கேம்பர் வேன் வாங்கினோம் என்ற கேள்வி பிறகுதான் வரும்.

கியரை மறந்தால்

டிடிஐ பொருத்தியும் மைலேஜ் வரவில்லை என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, 100 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை, எவ்வளவு? 50 குதிரைத்திறன் டீசலுக்குத் தந்த கியர்பாக்ஸ் மிகக் குட்டையான கியர்கள் கொண்டது. திறன் இல்லாத என்ஜினை அலறவிட்டு வேலை வாங்குவதற்காக அப்படிச் செய்தார்கள். அதன் பின்னால் டிடிஐயை மாட்டினால், 2,500 ஆர்பிஎம்மில் நிதானமாக இழுக்க வேண்டிய என்ஜின் நாலாயிரத்தை ஒட்டிக் கத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டனும் தாங்கிகளும் பம்புகளும் உராய்வுக்கு ஒரு வரி கட்டுகின்றன. சுழற்சி கூடினால் வரியும் கூடும். அதே 26 கிலோவாட்டைக் குறைந்த ஆர்பிஎம்மில், ஆழமான மிதியில் வாங்குவதுதான் சிக்கனம். அதற்கு மூன்றாம், நான்காம் கியர்களை நீளமானவையாக மாற்ற வேண்டும், அல்லது ஐந்து கியர் பெட்டி வேண்டும்.

பெரிய டயர் போட்டு ஒப்பேற்றுபவர்களும் உண்டு. கொஞ்சம் பலன் தரும். ஆனால் அதிலிருந்துதான் அடுத்த குழப்பம் தொடங்குகிறது.

அளந்ததை எவ்வளவு நம்பலாம்

ஃபோக்ஸ்வாகனின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை வேன்களில் வேகமானியின் கேபிள் இடது முன்சக்கரத்தின் மையத்திலிருந்து வருகிறது. ஆகவே கியர்பாக்ஸை எப்படி மாற்றினாலும் கிலோமீட்டர் கணக்கு கெடாது, டயரின் சுற்றளவை மாற்றினால் கெடும். 5 சதவீதம் பெரிய டயர் போட்டால் வண்டி 105 கி.மீ. ஓடும்போது மீட்டர் 100 என்றுதான் சொல்லும். மைலேஜ் இறங்கியதுபோல் தெரியும். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் எடுக்கும் மற்ற வேன்களில் இதற்கு மேல் குளறுபடி. ஜிபிஎஸ் வைத்து நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் யார் சொல்லும் மைலேஜையும் நான் ஏற்பதில்லை, என்னுடையது உட்பட.

லிட்டரே ஒரு பொறி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36. டீசல் அடர்த்தி கூடியது. ஆகவே லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடும்போது, டீசலின் வெற்றியில் ஒரு பகுதி எரிபொருளின் அடர்த்தியால் வந்தது. எல்பிஜி எரிவாயுவுக்கு மாற்றியவர்களுக்கு இதே பொறி மறுபக்கமாக வேலை செய்யும். அங்கே லிட்டர் கணக்கு கால் பங்குவரை கூடும், என்ஜின் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஏமாற்றம், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் ஓடியது களைத்துப்போன என்ஜின். அமுக்கம் போயிருக்கும், டைமிங் நகர்ந்திருக்கும், திறந்தே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டால் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடியிருக்கும். பீய்ச்சல் முறை உள்ள வேன்களில் சூட்டை அளக்கும் சின்னஞ்சிறு சென்சார் கெட்டால், கணினிப் பெட்டி இன்னும் காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மாற்றும்போது எல்லாமே புதிதாகின்றன: பிளக், குழாய், சென்சார், தெர்மோஸ்டாட். வண்டி தூக்கிலேறி நிற்கையில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கையும் சரிசெய்துவிடுவார்கள். பெருமை முழுவதும் புது என்ஜினுக்கே போய்ச் சேரும். பழைய என்ஜினுக்கும் இதே உபசரிப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

செலவை லிட்டரில் எண்ணுங்கள்

பணத்தில் பேசினால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். லிட்டரில் பேசலாம். வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓடுகிற வேன் என்றால், பழைய பெட்ரோல் என்ஜின் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 935 லிட்டர் குடிக்கும். டிடிஐக்கு 560 போதும். மிச்சம் வருடத்துக்கு 375 லிட்டர். முழு மாற்றத்துக்கும் ஆகும் செலவு 5,000 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்று வைத்தால், போட்டதை எடுக்கப் பதின்மூன்று வருடம். பெட்ரோலுக்குப் பெட்ரோல் மாற்றியவருக்கு வருட மிச்சம் 140 லிட்டர் சொச்சம். அவர் ஆயுசுக்கும் ஓட்ட வேண்டும்.

அதே பழைய என்ஜினோடு 100-க்குப் பதில் 80-இல் போனால்? குறைந்த சுமையில் என்ஜினின் திறமை கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தால்கூட, 100 கி.மீ.க்கு 9.2 லிட்டர்தான் வருகிறது. வருடத்துக்கு 200 லிட்டர் மிச்சம், செலவு ஒன்றுமில்லை. புதிய பெட்ரோல் என்ஜின் தருவதைவிட அதிகம். பின்னால் வரும் லாரிக்காரர்களின் சாபம் மட்டும் கூடுதல். அமெரிக்கா 1974-இல் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 89 கி.மீ., என்று வேக வரம்பு வைத்தது; 1987-இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகள் சிலவற்றில் அதைத் தளர்த்தி, 1995-இல் கைவிட்டது. இந்த வேன்களில் பல அந்தச் சாலைகளில் ஓடியவை. இன்று நாம் அவற்றிடம் கேட்பது 110.

ஆனால் இந்தக் கணக்கு மாறிப்போகும் தருணம் ஒன்று உண்டு. பழைய என்ஜின் செத்துவிட்டால் எப்படியும் செலவு செய்தாக வேண்டும். அப்போது ஒப்பிட வேண்டியது மாற்றத்தின் முழுச் செலவை அல்ல, அதற்கும் பழையதைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் 1,500 லிட்டர்தான் என்றால் டீசல்காரருக்கு நான்கே வருடத்தில் வசூல். ஓடுகிற என்ஜினை மைலேஜுக்காகக் கழற்றுவது மோசமான பேரம், நின்றுபோன என்ஜினுக்குப் பதில் நல்லதாகப் பார்த்து வைப்பது நியாயமான பேரம். உதிரிபாகம் கிடைப்பது, நடுவழியில் நிற்காமல் போவது, மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகாமல் இருப்பது, இவை எல்லாமே மாற்றுவதற்குச் சரியான காரணங்கள்தான். மைலேஜை முன்னால் நிறுத்துவது, வீட்டில் அனுமதி வாங்க வசதியாக இருப்பதால் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் மாற்றும் என்ஜின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக, தனது மாசுக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அனைத்தோடும் வர வேண்டும். ஜெர்மனியில் மாற்றத்தை ஆய்வாளர் சோதித்து வண்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். முப்பது வயது தாண்டிய வண்டிகளுக்குக் கிடைக்கும் பாரம்பரிய எண்பலகையைக் காப்பாற்ற நினைப்பவர் காலத்துக்கு ஒவ்வாத என்ஜினை வைத்தால் அதை இழக்கலாம். லண்டனில் 2019 முதல் மாசு குறைந்த மண்டலத்துக்குள் கட்டணமின்றி நுழைய டீசலுக்கு யூரோ 6 மாசுத் தரம் வேண்டும், பெட்ரோலுக்கு அதைவிடப் பழைய யூரோ 4 போதும். நாற்பது வயது தாண்டிய பழம்பெரும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மைலேஜுக்கு மிகச் சிறந்த 1990-களின் டீசல்தான் நகர எல்லையில் முதலில் மாட்டிக்கொள்கிறது.

மின்சாரம் காட்டும் கண்ணாடி

2020-இல் ஃபோக்ஸ்வாகன், ஈ-கிளாசிக்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 1966-ஆம் ஆண்டுப் பிளவு முக வேன் ஒன்றுக்கு 61 கிலோவாட் மின்மோட்டாரும் 45 கிலோவாட் மணி மின்கலமும் பொருத்திக் காட்டியது. ஒருமுறை மின்னேற்றினால் 200 கி.மீ.க்கு மேல் ஓடும் என்றார்கள். அந்த 45 கிலோவாட் மணியை எரிபொருளாக மாற்றிப் பார்த்தால் வெறும் 5 லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல். 5 லிட்டரில் 200 கி.மீ.! பழைய என்ஜின் அதே 5 லிட்டரில் 45 கி.மீ.யைத் தாண்டுவதே பெரும்பாடு. பெட்ரோலின் ஆற்றலில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே வெளியேறுகிறது, மோட்டாரில் அந்த விரயம் இல்லை.

என்ஜினின் விரயம் போய்விட்டால் மிஞ்சுவதில் பெரும்பங்கு காற்றுதான், அப்போது அது அப்பட்டமாகத் தெரிகிறது. நம் 2 டன் வேனில் அந்த மின்கலத்தை வைத்து, மின்முறையில் 15 சதவீதம் இழப்பு என்று கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் சுமார் 215 கி.மீ. போகலாம். 100-இல் போனால் 160. பெட்ரோல் வண்டியில் இந்த 55 கி.மீ. வித்தியாசம் தொட்டியின் அடியில் எங்கோ கரைந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்வேனில் ஆக்சிலரேட்டரை மிதித்த அடுத்த சில நிமிடங்களிலேயே, இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்ற எண் கண்ணெதிரே இறங்கத் தொடங்கிவிடுகிறது.